பட்டுப்புடவையில் ஒரு பட்டினிக் காட்சி

நீங்கள் ஏழு பேரும் சேர்ந்து எழுதிய அரசியல் தொடரின் இரண்டாவது சீசனை முழுக்கப் பார்த்துவிட்டேன். முழுக்கப் பார்த்தவர்கள் எத்தனை பேர் தேறுவார்களோ தெரியாது, அதில் நான் ஒருவன். முதல் சீசனை எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தோம். இரண்டாவதில் மூன்றாம் பாகம் ஓடிக்கொண்டிருக்கும்போது என் மனைவி முருங்கைக்கீரை ஆய ஆரம்பித்தாள். ஐந்தாம் பாகத்தில் நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன். கடைசிப் பாகத்துக்கு வீட்டில் கீரை மிச்சமில்லை.

உங்களில் ஒரு பெண் எனக்குப் போன் செய்து, "சார், எங்க தப்பு பண்ணோம்? உண்மையைச் சொல்லுங்க" என்று கேட்டாள். குரல் கம்மியிருந்தது. எனக்குப் பாவமாகப் போய்விட்டது. நாற்பது வருஷம் நாடகம், வானொலி, தொலைக்காட்சி என்று வசனம் எழுதிப் பிழைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவன் நான். உங்கள் தொடரில் எங்கே தப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் என்னுடைய இரண்டாவது சீசனை நான் எப்படிக் கெடுத்தேன் என்பது நன்றாகத் தெரியும். அதைச் சொல்கிறேன். அதிலிருந்து உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் கடைசி. காஞ்சிபுரத்தில் அப்போது தொலைக்காட்சி என்ற பேச்சே கிடையாது. எங்களிடம் இருந்தது ஒரு ஓலைக் கொட்டகை, ஒரு ஆர்மோனியம், ஒரு நாடகக் குழு. மற்ற ஊரில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்றால் நெசவாளர் ஊரில் அமாவாசைதான் விடுமுறை. அன்று தறி ஓடாது. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, படையல் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, மாலையில் என்ன செய்வது என்று ஊரே கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். அந்த ஊரை அப்படியே கொட்டகைக்குள் இழுத்துவிடலாம் என்று கண்டுபிடித்தவர் காசிம் பாய்.

காசிம் பாய் பகலில் சரிகை வியாபாரி. எங்கள் நாடகக் குழுவின் தலைவர் அவர்தான், முக்கிய நடிகரும் அவர்தான். ஒரே கதையை மாதம் ஒரு பாகமாக, அமாவாசைதோறும் மாலை ஆறு மணிக்குப் போடுவது என்று திட்டம். வருஷத்துக்குப் பன்னிரண்டு பாகம். நீங்கள் சீசன் என்கிறீர்கள், நாங்கள் வருஷம் என்றோம். எழுதுவதற்கு ஐயம்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்துபோன என்னைப் பிடித்தார். எங்கள் வீட்டில் ஏர் உண்டு, மாடு உண்டு, தறி கிடையாது. தறியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது சத்தம் போடும் என்பதுதான். இந்த விவரத்தை மறந்துவிடாதீர்கள், நான் மறந்ததால்தான் இவ்வளவும் நடந்தது.

நாடகத்தின் பெயர் 'சேர்மன் சிங்காரம்'. ஒரு சின்ன ஊரின் நகராட்சித் தலைவர், எப்பாடு பட்டாவது நாற்காலியை விடக்கூடாது என்று படுகிற பாடுதான் கதை. ஒரே தெருக்குழாயை ஐந்து மாதத்தில் ஐந்து முறை திறந்துவைப்பார். ஒவ்வொரு முறையும் மாலை, மேளம், சொற்பொழிவு, கைதட்டல் எல்லாம் உண்டு, தண்ணீர் மட்டும் வராது. ஐந்தாம் முறை தவறிப்போய்த் தண்ணீர் வந்துவிடும். சேர்மன் பயந்துபோய்ப் பேச்சை மறந்துவிடுவார். கொட்டகை குலுங்கியது. கடைத்தெருவில் காசிம் பாயைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள்கூட 'சேர்மன் பாய்' என்று கூப்பிட்டன. முசரவாக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள்.

வெற்றி வந்ததும் எனக்கு அறிவு வளர்ந்துவிட்டது. உங்களுக்கும் வளர்ந்ததல்லவா, அதே வியாதிதான். குழாயும் சிரிப்புமாக எத்தனை நாள் எழுதுவது, இரண்டாம் வருஷத்தில் அரசியலை ஆழமாகக் காட்டவேண்டும் என்று முடிவு செய்தேன். நூலகத்தில் உட்கார்ந்து நகராட்சிச் சட்டத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தேன். முதல் பாகத்தில் வரவுசெலவுத் திட்ட விவாதம் வைத்தேன். இரண்டாம் பாகத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானம், முக்கால் மணி நேரம், வாக்கெடுப்பு உட்பட. சேர்மனை நல்லவராக, கொள்கை உள்ளவராக மாற்றினேன். பக்கம் பக்கமாகப் பேசினார். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

ஒத்திகையில் காசிம் பாய் கையெழுத்துப் பிரதியை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரைட்டர், போன வருஷம் எனக்கு நாற்காலி மேல ஆசை இருந்திச்சு. இந்த வருஷம் எனக்கு எது மேல ஆசைன்னே புரியலியேபா."

"கொள்கை மேல ஆசை, பாய்."

"அத எப்படிபா நடிக்கிறது? நாற்காலின்னா இப்படிப் புடிச்சிக்குவேன். கொள்கைய எங்க புடிக்கிறது?"

நான் சிரித்துக்கொண்டே சமாளித்தேன். ஒரு பாத்திரம் கையால் எதைப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லத் தெரியாவிட்டால் அந்தப் பாத்திரத்தை எழுத எனக்கு இன்னும் தகுதி வரவில்லை என்று பிற்பாடு வைத்துக்கொண்டேன். அப்போது அந்த ஞானம் இல்லை.

எங்கள் ஆர்மோனியக்காரருக்கு ஒரு பழக்கம். வாசிக்காத நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கூட்டத்தில் எழும் இருமலை எண்ணுவார். சனத்துக்குக் கதை பிடித்தால் இருமலை அடக்கிக்கொள்ளும், பிடிக்காவிட்டால் இல்லாத இருமல் எல்லாம் வரும் என்பது அவர் கணக்கு. என் வயதுதான் இருக்கும், ஆனால் என்னைவிட நூறு நாடகம் அதிகம் கேட்டவர். இரண்டாம் பாகம் முடிந்ததும், "எப்படி இருந்தது?" என்று ஆசையாகக் கேட்டேன். "ஊருக்கே சளி புடிச்சிருக்குதுபா" என்றார்.

அன்று வெளியே போன ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. "மீட்டிங்கு தேரடில சும்மாவே நடக்குது. அதுக்கு எதுக்குபா டிக்கெட் வாங்கினு வரணும்?" என்றார். நான் அவரை ரசனை இல்லாதவர் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது மிகவும் சுகமாக இருக்கும், நீங்களும் அனுபவித்திருப்பீர்கள்.

கொட்டகைக்குச் சொந்தக்காரர் அதிகம் பேசமாட்டார். அவர் அன்று எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"இன்னும் ஒரு அமாவாசை பாப்பேன். கொட்டகை பாதியாவது ரொம்பலன்னா டூரிங் டாக்கீஸ்காரனுக்கு உட்ருவேன். அவன் தினமும் வந்து நின்னுக்கினு இருக்கான். தப்பா நெனச்சிக்காதீங்க."

எனக்கும் காசிம் பாய்க்கும் அது மானப் பிரச்சினை மட்டும்தான். அவருக்குச் சரிகை இருந்தது, எனக்கு நிலம் இருந்தது. லோகம்மாளுக்குத்தான் வேறு வழி இல்லை.

லோகம்மாள் எங்கள் கதாநாயகி. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கணவர் இல்லை. ஒரே பெண், ஊரிலேயே பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். சேலம் பக்கத்து நாடகக் கம்பெனி ஒன்று லோகம்மாளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தது. அது மாதம் ஒரு ஊர் சுற்றும் கம்பெனி. பெண்ணைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. முசரவாக்கத்தில் நாத்தனார் வீட்டில் விடவேண்டும், விட்டால் படிப்பு அத்தோடு நின்றுவிடும். அங்கே வயசுக்கு வந்த பெண்ணை டவுனுக்குப் படிக்க அனுப்பமாட்டோம் என்று அந்த அம்மாள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். கொட்டகை இருந்தால் லோகம்மாள் இந்த ஊரில் இருக்கலாம், பெண் படிக்கலாம். இல்லாவிட்டால் சேலம். மறுநாள் அவர் வீட்டுக்குப் போனபோது பரண்மேல் இருந்த தகரப் பெட்டியைக் கீழே இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை.

சரி, மூன்றாம் பாகத்தை எப்படியும் தூக்கி நிறுத்திவிடுவது என்று வீராவேசமாகக் கிளம்பினேன். நெசவாளர் போராட்டத்தை எடுத்தேன். கூலி உயர்வு கேட்டுத் தறிகள் நிற்கின்றன. ஒரு நெசவாளி வீட்டில் மூன்று நாளாக அடுப்பு எரியவில்லை. நெசவாளியின் மனைவி வெறும் பானையை வைத்துக்கொண்டு பேசுகிறாள். அந்த மனைவி லோகம்மாள். ஊருக்கு ஏற்ற கதை, உருக்கமான காட்சி. இதற்கு மேல் என்ன வேண்டும்?

வேண்டியது நல்ல உடுப்பு என்று நினைத்ததுதான் என் அடுத்த தப்பு. முதல் வருஷத்து வெற்றியைப் பார்த்து ஒரு பட்டு ஜவுளிக்கடை முதலாளி எங்களிடம் வந்திருந்தார். கடையிலிருந்து பட்டுப்புடவைகள் இரவல் தருவதாகச் சொன்னார். பதிலுக்கு இரண்டு நிபந்தனை: திரைச்சீலையில் கடைப் பெயர் எழுதவேண்டும், கதாநாயகி எல்லாக் காட்சியிலும் அவர் கடைப் புடவையையே கட்டவேண்டும். முன்வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி என்பது சொல்லாமலே மூன்றாவது நிபந்தனை. போன வருஷமெல்லாம் சாயம் போன சேலைகளை வைத்து ஓட்டிய எங்களுக்கு வாயெல்லாம் பல். சரி என்று தலையாட்டிவிட்டோம். மூன்றாம் பாகத்துக்கு மாம்பழ நிறத்தில், அரக்குக் கரை வைத்த கோர்வைப் புடவை ஒன்று வந்தது. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டையும் தறியிலேயே கோத்து நெய்வதுதான் கோர்வை. "கடையிலேயே இதான் உசத்தி" என்று சொல்லி முதலாளி தன் கையாலேயே கொடுத்தார்.

லோகம்மாள் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, ஏழாவது காட்சில நான் பட்டினி கெடக்கறேன் இல்ல?"

"ஆமாம் அக்கா."

"இதக் கட்டிக்கினா?"

"ஒப்பந்தம் அக்கா. அதோட ஜனங்க வசனத்தைத்தான் கவனிப்பாங்க. நீங்க பேச ஆரம்பிச்சா சேலை கண்ணுலயே படாது."

அக்கா புடவையை மடித்து எடுத்துக்கொண்டு போனார். ஒப்பந்தத்தை எழுதிவிட்டு அதற்குத் தகுந்தபடி கதையை வளைத்தவன் நான். இன்றைக்கு உங்கள் தொடரில் வெள்ளத்தில் வீடிழந்த குடும்பம் புத்தம்புதுக் குக்கரில் சமைக்கிறது. அதைப் பார்த்ததும் உங்கள்மேல் எனக்குத் தனிப் பாசம் வந்துவிட்டது.

அமாவாசை வந்தது. கொட்டகையில் கால்வாசி ஆட்கள். பெண்கள் பக்கம் பதினைந்து பேர் இருந்தால் அதிகம். முன்வரிசையில் முதலாளி, வெள்ளை வேட்டி, அங்கவஸ்திரம். பின்னால் தூணில் சாய்ந்துகொண்டு கொட்டகைக்காரர். நான் மேடை ஓரத்தில் திரைக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். குழு சின்னது, எழுதுகிறவனேதான் திரையும் இழுக்கவேண்டும். முதல் ஆறு காட்சிகள் இருமலோடு போயின.

ஏழாவது காட்சி. திரை விலகியது. குடிசை, அணைந்த அடுப்பு, கவிழ்த்த பானை. நடுவில் லோகம்மாள், மாம்பழ நிறப் பட்டில் சரிகை மின்ன உட்கார்ந்திருந்தார். விளக்கு வெளிச்சத்தில் அந்த அரக்குக் கரை கொட்டகையின் கடைசி மூலைவரை தெரிந்தது.

"மூன்று நாளாக இந்த அடுப்பில் பூனை தூங்குகிறது" என்று வசனத்தை ஆரம்பித்தார்.

கூட்டத்தில் சலசலப்பு. எனக்கு ஒரே சந்தோஷம், உருகுகிறார்கள் என்று நினைத்தேன். காதைக் கொடுத்துக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. வசனத்தை ஒருவரும் கேட்கவில்லை. கொட்டகை முழுக்க நெசவாளர்கள். எதிரில் ஒரு புடவை இருக்கிறது. முந்தியில் சரிகை எத்தனை, கரை அகலம் எத்தனை, இந்தக் கோர்வை எந்தத் தெருவில் போடுவார்கள் என்று மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சண்டையே நடந்தது.

நாலாவது வரிசையில் கன்னியப்பன் என்ற பெரிய நெசவுக்காரர் எழுந்து நின்றார். அவரை ஊருக்கே தெரியும். கையைக் கூப்பிக்கொண்டு மேடையைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்.

"யம்மா, கோச்சிக்காத. கொஞ்சம் அந்தாண்ட திரும்பும்மா."

லோகம்மாளும் பழக்க தோஷத்தில் திரும்பிவிட்டார்.

"அதான் பாத்தேன்" என்றார் கன்னியப்பன் பக்கத்தில் இருந்தவர்களிடம். "எடது கரை மொட்டு வரிசையில ஒரு மொட்டு விட்டுப்போயிருக்கும் பாரு. இது என் தறில எறங்குனதுபா. கொற இருக்குது, கடைல வெக்க முடியாதுன்னு மொதலாளி ஓரமாப் போட்டாரே, அது."

எல்லோரும் முதலாளியின் பிடரியைப் பார்த்தார்கள். கடையிலேயே உசத்தியான புடவையின் லட்சணம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் இருந்து ஒரு குரல், "கஞ்சிக்கு வழியில்லாத ஊட்ல கோர்வைப் பட்டா? எங்களுக்கும் அந்தப் பட்டினிய கொஞ்சம் காட்டுங்கபா" என்றது. கொட்டகையே சிரித்தது. முதல் வருஷத்தில் கேட்ட சிரிப்பு அல்ல. நம்மைப் பார்த்துச் சிரிப்பதும் நம்மோடு சிரிப்பதும் வேறு வேறு சத்தம், எழுதுகிறவனுக்கு வயிற்றில் தெரியும்.

தூணில் சாய்ந்திருந்த கொட்டகைக்காரர் நிமிர்ந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கிளம்பப் போகிறார் என்று தெரிந்தது. எதிர்ப் பக்கத்திலிருந்து காசிம் பாய் திரையைப் போடு, திரையைப் போடு என்று கையால் சாடை காட்டினார். நான் கயிற்றை இறுக்கிப் பிடித்தேன். இழுத்தால் அத்தோடு முடிந்தது. டாக்கீஸ், சேலம், எல்லாமே முடிவாகிவிடும்.

லோகம்மாள் சிரிப்பு அடங்கும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் புடவைத் தலைப்பை எடுத்து மடிமேல் வைத்து, கையால் மெதுவாக நீவினார். நான் எழுதிக்கொடுத்த ஒன்றரைப் பக்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, சன்னமான குரலில் பேசினார்.

"எங்க ஊட்டுக்காரரு நெய்ஞ்சதுதான். தறிய நிறுத்தறதுக்கு முன்னால கடைசியா அறுத்தாரு. பொழுது விடிஞ்சா மொதலாளி கிட்ட குடுக்கணும். அவரு வெளிய போயிருக்காரு. வர்றதுக்குள்ள ஒரு தபா கட்டிப் பாக்கலாம்னு."

நிறுத்தினார். கொட்டகை அப்படியே அடங்கிப்போனது. எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. தறியிலிருந்து அறுத்த புடவையை மடிப்புக் கலையாமல் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும், வீட்டுப் பெண் அதைக் கட்டிப் பார்ப்பது மகா பாவம் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பசியைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியபோது அசையாதவர்கள், வாசலில் புருஷன் காலடி கேட்டுவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த மௌனத்தில் முதலாளி எழுந்தார். அவருக்குக் கதை காதில் ஏறவில்லை, கடை மட்டும்தான் ஏறியது. பக்கத்துப் படிக்கட்டு வழியாக மேடைமேல் ஏறி வந்தே விட்டார்.

"ஏம்மா, என்ன பேசறே நீ? கட்டிப் பாத்த பொடவையா எங்க கடையில விக்கறோம்? நாலு பேரு கேட்டா என் கடைக்கு எவன் வருவான்?"

காசிம் பாய் இரண்டு கையாலும் சாடை காட்டினார். நான் கயிற்றை இழுக்கவே போய்விட்டேன். என் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த ஆர்மோனியக்காரர் என் முழங்காலைப் பிடித்தார்.

"ஒரு இருமல் இல்லபா" என்றார் கண்ணைத் திறக்காமல். "உட்று."

நான் கையைத் தளர்த்தினேன். நாற்பது வருஷத்தில் நான் செய்த மிக நல்ல காரியம், அன்று ஒன்றும் செய்யாமல் நின்றதுதான். ஒரு காட்சி கைமீறிப் போகும்போது அதை நிறுத்துகிற கயிறு நம் கையில் இருப்பதாலேயே இழுத்துவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுத்துக் கூட்டத்தின் பக்கம் காதைத் திருப்புங்கள். இருமினால் இழுத்துவிடுங்கள்.

லோகம்மாள் எழுந்து கைகட்டி நின்றார்.

"ஒரு நாழிதான் மொதலாளி கட்டுனேன்."

"ஒரு நாழின்னா என்ன, ஒரு நிமிஷம்னா என்ன, கட்டுனது கட்டுனதுதான். மடிப்பு ஒடஞ்சிடுச்சா இல்லியா?" முதலாளி உண்மையாகவே குனிந்து மடிப்பைப் பார்த்தார். "ஒடஞ்சிடுச்சு. நான் இத எடுத்துக்க மாட்டேன். உன் ஊட்டுக்காரன் பதில் சொல்லட்டும்."

"அவுரு கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

கூட்டத்திலிருந்து ஒரு உறுமல் வந்தது. முதலாளி அதற்குள் மேடையில் இருப்பதை மறந்து தன் கடைப் பாயில் நிற்பவர்போல ஆகிவிட்டார். வாழ்நாளெல்லாம் சொல்லிப் பழகிய வசனங்கள், ஒத்திகையே தேவைப்படவில்லை. நான் ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய வில்லன் எவனும் அவர் கால் தூசிக்கு ஆகமாட்டான்.

எதிர்ப் பக்கம் பார்த்தேன். காசிம் பாய் சாடை காட்டுவதை நிறுத்தியிருந்தார். அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. துண்டைச் சரிசெய்தார், வயிற்றை முன்னால் தள்ளினார், போன வருஷத்துச் சேர்மனாக மேடைக்குள் நுழைந்தார். கொட்டகையில் விசில் பறந்தது.

"என்னாபா இங்க பேஜாரு? மொதலாளி, நீங்க ஒக்காருங்க. இதுக்கு ஒரு கமிட்டி போட்டுடலாம்."

"கமிட்டி எதுக்கு? பொடவை கெட்டுப்போச்சு" என்றார் முதலாளி.

"கெட்டுப்போச்சு இல்ல? நீங்களே சொல்றீங்க. கெட்டுப்போன பொடவைய வச்சிக்கினு நீங்க என்னா செய்வீங்க? நம்ம ஊட்டுக்கு ஒண்ணு தேவைப்படுது. பாதி வெலைக்குப் போட்டுக் குடுங்க. பொதுச்சேவையாப் பூடும்."

"பாதி வெலையா? கட்டாது" என்றார் முதலாளி உடனே.

"மொட்டு வேற விட்டிருக்குதாமே."

"மொட்டு விட்டா என்னங்க, முந்திய பாருங்க, சரிகைய பாருங்க. முக்கால் வெலைக்கு ஒரு பைசா கொறைக்க மாட்டேன்."

சேர்மன் ஒரு முனையையும் முதலாளி மறு முனையையும் பிடித்து இழுக்காத குறைதான். இருவரும் பேரம் பேசப் பேச, நடுவில் அதே புடவையைக் கட்டிக்கொண்டு லோகம்மாள் வாய் திறக்காமல் நின்றார். வெளியே வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றவர்கள் எல்லாம் உள்ளே வந்துவிட்டார்கள். கொட்டகைக்காரர் மறுபடி தூணில் சாய்ந்துவிட்டதைப் பார்த்துவிட்டுத்தான் நான் கயிற்றை இழுத்தேன். கைதட்டல் ஓயவே இல்லை.

திரைக்குப் பின்னால் முதலாளிக்கு வேர்த்துக் கொட்டியது. எங்களை எல்லாம் நீதிமன்றத்துக்கு இழுக்கப்போவதாகச் சொன்னார். தண்ணீர் கொடுத்தோம். குடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் கூட்டம் இன்னும் தட்டிக்கொண்டிருப்பதைக் கேட்டுக்கொண்டே, "கட்டாதுன்னு சொன்னப்போ நல்லா கேட்டுதா பின்னாடி வரைக்கும்?" என்று காசிம் பாயை விசாரித்தார்.

கொட்டகைக்காரர் வந்து, "டாக்கீஸ்காரன வேற எடம் பாத்துக்கச் சொல்லிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். லோகம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு மூலையில் போய் நின்றார். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிட்டே போய், "அக்கா, எப்படித் தோணுச்சு அந்த வசனம்? உங்க வீட்டுல தறி உண்டா?" என்று கேட்டேன்.

"தறியா? எங்கப்பன் மாட்டுத் தரகரு." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "ராத்திரி பகலா கண்ணு முன்னால அத்த நெய்யறாங்க. பொம்பள ஒருத்தி கட்டிப் பாக்காம எப்படி தம்பி இருப்பா? நீ பசியவே எழுதிக்கினு இருந்தே. ஆசைய எழுதல."

அந்த வருஷம் அதற்குப் பிறகு ஓஹோ என்று போனது என்று பொய் சொல்லமாட்டேன். முதலாளியைக் கடையிலிருந்து இரண்டு முறை மேடையேற்றினோம். தெரிந்து நடித்ததும் மரக்கட்டை ஆகிவிட்டார், மூன்றாம் முறை நாங்களே வேண்டாம் என்றோம். நான் எழுதிய எட்டாம் பாகம் படுமோசம். மொத்தத்தில் பார்த்தால் இரண்டாம் வருஷம் முதல் வருஷத்தின் பாதிக்குக்கூட வராது. ஆனால் கொட்டகை நின்றது. லோகம்மாளின் பெண் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து ஆசிரியர் பயிற்சிக்குப் போனாள். அது போதும் என்று நினைக்கிறேன்.

அந்த மாலையில் நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கூட்டம் கலைய ஆரம்பித்ததும் கன்னியப்பனின் மனைவி தனியாகத் திரைக்குப் பின்னால் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கணவர் வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் என்னைப் பொருட்படுத்தவே இல்லை. நேராக லோகம்மாளிடம் போய், கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"யாரும்மா உனக்குச் சொன்னது?"

"என்னாதும்மா?"

"நடிக்காத. நான் இந்தப் பொடவைய கட்டிப் பாத்தது. எங்க ஊட்டுக்காரருக்கே தெரியாது. கதவ சாத்திக்கினுதான் கட்டுனேன். பக்கத்தூட்டுக்காரி எட்டிப் பாத்து சொன்னாளா?"

லோகம்மாள் அவர் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அப்புறம், "சத்தியமா யாரும் சொல்லலம்மா. நானா நெனச்சி சொன்னேன்" என்றார்.

அந்த அம்மாள் நம்பாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு யோசித்தார். கொட்டகையிலிருந்து பேசிக்கொண்டே வெளியேறும் பெண்களைத் திரை இடுக்கு வழியாக ஒவ்வொருவராகப் பார்த்தார். முகம் மெல்லத் தெளிந்து வந்தது.

"அப்போ எல்லாரும் கட்டிப் பாக்கறாளுங்களா?" என்றார்.